கண்ணாடியில் தெரிந்த கை

பெரியண்ணி இறந்துபோன செய்தியைப் பல்செட் கட்டுகிறவர் தன் மனைவியின் வாயால்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். லேபில் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சோபா ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பெரியண்ணி போயிட்டாங்களாம்."

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். "யாரு?" என்றார்.

யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் அந்த அம்மாளின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வந்தவர் அவர்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம பெரியண்ணிங்க. சீரியல்ல வருவாங்களே. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். தங்கச்சி போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்காங்க. ஹார்ட்டுன்னு போட்டிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபது வருடங்களுக்கு முன்னால் ஆறு வருடம் ஓடிய ஒரு தொடரில் அந்த நடிகை மூத்த மருமகளாக வந்தாள். குடும்பத்தைக் குட்டிச்சுவராக்குகிற வேஷம். யாருக்காவது குழி பறிக்கும் முன் லேசாக ஒரு சிரிப்புச் சிரிப்பாள். மேல் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்தப் பல் வெளியே தெரிந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் கண்ணீர் விடப்போகிறார் என்று அர்த்தம். தொடர் முடிந்தபிறகு இரண்டு விளம்பரங்கள், சில அம்மா வேஷங்கள். பிறகு ஒன்றுமில்லை. செத்துப்போனதற்குப் பத்திரிகைகள் நான்கு வரி ஒதுக்கின. அதில் ஒன்று வேறு யாருடைய படத்தையோ போட்டிருந்தது.

ஆனால் 'பெரியண்ணி ரசிகர் வட்டம்' என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பழைய காட்சிகளை வெட்டிப் போட்டு, திட்டி, ரசித்துப் பொழுதைப் போக்குகிறவர்கள். மனைவி அதில் ஆரம்ப நாள் உறுப்பினர். பகலெல்லாம் மருந்துக் கடை கவுண்டரில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அது ஒரு சின்ன ஆசுவாசம். அவரும் அதற்குக் குறுக்கே நின்றதில்லை.

அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. சின்ன வயிற்றுக் கோளாறு என்று சொல்லித் தட்டை நகர்த்தினார். அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். நாம் கட்டிய செட் கழன்று தொண்டையில் போயிருக்குமோ?

நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன் நடிகைக்கு ஈறு நோய் முற்றி, எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பல் டாக்டர் ஒருவரிடம், மத்தியானம் கிளினிக் மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்துபோவாள். அளவு எடுத்தது டாக்டர். கட்டிக் கொடுத்தது இவர். தன் பழைய பல் போலவே இருக்க வேண்டும் என்று தொடர்க் காட்சி ஒன்றின் புகைப்படத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அந்த ஏறின பல்லைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். ஒழுங்கான பல்லைக் கட்டச் சொல்லி வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கோணல் பல் வேண்டும் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். மூன்று முறை மெழுகில் அடுக்கிப் பார்த்துத்தான் அது படிந்தது.

கீழ் செட் ஈறில் அழுத்தியது. திரும்பக் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று அவள் அடம் பிடிக்கவே, டாக்டர் இவரிடம், நீயே போய்க் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வா என்றார். செட் கட்டுகிறவன் நோயாளியின் வாயில் கை வைக்கக் கூடாது, அது டாக்டர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. அது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் போனார். யார் கேட்டாலும் வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் என்று சொல்லுங்கள், வாட்ச்மேன் நீட்டுகிற வாசல் நோட்டிலும் அப்படியே எழுதுங்கள் என்று போனில் சொன்னாள். ஒரு ஃபில்டர் கம்பெனியின் பெயரையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவர் தேய்த்து, பாலிஷ் போட்டு, மாட்டிவிட்டபோது நடிகை கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். பிறகு, "எட்டு மாசமா வாயைப் பொத்திக்கிட்டே பேசிட்டிருந்தேன் தம்பி. சொந்தத் தங்கச்சிக்கே தெரியாது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க வீட்ல கூட" என்றாள். அவர் சரி என்றார். தன் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். ஞாயிறு காலை அந்தப் படத்தை, 'மறுபடியும் சிரிக்கிறேன்' என்ற ஒரு வரியோடு தன் பக்கத்தில் போட்டிருந்தாள். அதுதான் அவள் போட்ட கடைசிப் படம்.

புதன்கிழமை காலை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இதயம்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இதில் நீயும் இல்லை, நானும் இல்லை, பேசாமல் இரு என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அவ்வளவு அவசரமாக வைத்ததுதான் இவருக்கு உறுத்தியது. டாக்டருக்கும் அதே பயம் இருக்கிறதோ?

இதற்குள் குழுவில் வேறு காற்று வீச ஆரம்பித்திருந்தது. முதல் நாள் முழுக்க மெழுகுவர்த்தியும் கூப்பிய கையும்தான். இரண்டாம் நாள் 'கேள்வி' என்ற பெயரில் எழுதுகிற ஒருவன் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டான். இந்தச் சிரிப்பை நன்றாகப் பாருங்கள், இது பெரியண்ணியின் சிரிப்பா என்று கேட்டான். ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று நாற்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். கட்டாயப்படுத்திச் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். இது அவளே இல்லை என்றார் இன்னொருவர். 'மறுபடியும்' என்றால் என்ன அர்த்தம், இத்தனை நாள் சிரிக்கவிடாமல் வைத்திருந்தது யார், தங்கை ஏன் அவசர அவசரமாகக் காரியத்தை முடித்தாள், ஏன் பிரேதப் பரிசோதனை இல்லை என்று கேள்விகள் கிளம்பின. தொடரை ஒரு நாள்கூடப் பார்த்திராதவர்கள் வந்து சேர்ந்தார்கள். நானூறு, வெள்ளிக்கிழமைக்குள் பதினோராயிரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை 'கேள்வி' இன்னொன்றைக் கண்டுபிடித்தான். படத்தில் நடிகைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அந்தக் கண்ணாடியில், போனை உயர்த்திப் பிடித்த ஒரு கை தெரிந்தது. ஆண் கை. கட்டைவிரலில் நீல நிறத்தில் கட்டு. இந்தக் கை யாருடையது என்று எழுதிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

மனைவி அதை மருந்துக் கடையில் மத்தியானம் பார்த்தாள். அதற்கு முன்தினம் வரை அவளும் கேள்வி கேட்டவர்களில் ஒருத்திதான். தங்கையின் மேல் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு என்றுகூட எழுதியிருந்தாள். இப்போது படத்தை விரலால் விரித்தாள். இன்னும் விரித்தாள். அந்த நீலக் கட்டு, மருந்துக் கம்பெனிக்காரன் மாதிரிக்கு என்று கடையில் கொடுத்துவிட்டுப் போன டப்பாவில் இருந்தது. போன வெள்ளிக்கிழமை, லேபில் சூடான மெழுகுக் கத்தி பட்டுச் சுட்டுக்கொண்டு வந்த கணவரின் கட்டைவிரலில் அவளே சுற்றிவிட்டது.

அவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரின் கையை மட்டும் பார்த்தாள். கட்டு இல்லை. கழுவும்போது நனைந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றார், அவள் கேட்காமலே. கட்டைவிரல் தோல் இன்னும் சிவந்துதான் இருந்தது.

நீலக் கட்டு ஊரில் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஒரு நாள்தான் நின்றது. வெள்ளிக்கிழமை யாரோ, நடிகை குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் நோட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பதினொன்றேகால், நான்காவது மாடி, வாட்டர் ஃபில்டர். அந்தக் கம்பெனிக்கே ஒருவர் போன் போட்டுக் கேட்டிருந்தார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று பதில் வந்திருந்தது. மனைவி அந்த எழுத்தைப் பார்த்தாள். பதினேழு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவளுக்கு ஒரு கையெழுத்தை அடையாளம் காண எவ்வளவு நேரமாகும்? ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளைக் குட்டிக் குட்டி வட்டங்களாகப் போட்டு, கீழே உள்ள இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடுகிற வழக்கம் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

சனிக்கிழமை காலை, காபி டம்ளரை அவர் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போன சனிக்கிழமை எங்க போனீங்க?"

"லேபுக்கு. அவசர வேலைன்னு சொன்னேனே."

"லேபுல யாருக்குங்க வாட்டர் ஃபில்டர் மாட்டினீங்க?"

அவர் டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஈறு நோய், மத்தியானக் கிளினிக், கோணல் பல், பொய்க் கையெழுத்து, தொண்டையில் மாட்டியிருக்குமோ என்ற பயம், ஒன்றுவிடாமல்.

மனைவி கேட்டு முடித்தாள். அவளுக்குக் கோபத்தைவிட ஒரு மாதிரி அவமானமாக இருந்தது. "இருபது வருஷமா அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவ நான். என்கிட்டயே பல்செட் கதை சொல்றீங்களா?"

"உண்மை அதுதான்."

"அவங்க செத்துப்போயிட்டாங்க. இனிமே நீங்க என்ன சொன்னாலும் உண்மைதான்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வா, லேபுக்குப் போகலாம் என்றார். அவளும் போனாள்.

லேப் ஒரு குறுகலான அறை. மேஜை, கை மோட்டார், மெழுகு உருக்கும் விளக்கு, எங்கு தொட்டாலும் வெள்ளை மாவு. அலமாரியில் பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக இருந்தன. பெயர் எழுதாமல் வெறும் எண் எழுதிய ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இறக்கி அவள் முன் வைத்தார். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள். பல்லே இல்லாத, மொழுமொழுவென்ற ஈறுகள். யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் அதையே சொன்னாள். அவர் பெட்டியின் அடியிலிருந்து புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கப் பல்லைச் சுற்றிப் பென்சில் வட்டம். பின்பக்கம் நடுங்கின எழுத்தில், 'இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்' என்று இருந்தது. பழைய தொடர் நாட்களில் ரசிகர்களுக்குப் போட்டுக்கொடுத்த கையெழுத்துப் படம் ஒன்று மனைவியிடம் உண்டு. அதே எழுத்துதான்.

அவள் அந்த மேல் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "வாயே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். பிறகு பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

நம்பினாளா என்றால், நம்பினாள். ஆனால் இவ்வளவையும் ஒரு முகச் சுருக்கம்கூட இல்லாமல் ஒரு வாரம் மறைத்துவைக்க இந்த மனிதரால் முடியும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குழுவில் வாட்ச்மேனின் படம் வந்துவிட்டது. பொய் ஆளை உள்ளே விட்டவன் இவன்தான், கூட்டுச் சதி என்று எழுதியிருந்தார்கள். அவர் குடியிருக்கிற தெருவையும் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை குடியிருப்புச் சங்கம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டது. மனைவி பொறுக்க முடியாமல், அந்த மனிதர்மேல் தப்பில்லை, விடுங்கள் என்று ஒரு வரி எழுதினாள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஐந்தே நிமிடத்தில் அறுபது பேர் கேட்டார்கள். பழைய பதிவுகளைத் தோண்டி, அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தார்கள். மருந்து, தூக்கத்தில் மரணம் என்று 'கேள்வி' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினான். வேறொன்றும் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"தங்கச்சிகிட்ட போவோம்" என்றாள் மனைவி. "வாக்குக் கொடுத்தது சரி. அதுக்காக அந்த வாட்ச்மேன் தெருவுல நிக்கணுமா?"

தங்கை, அக்காவின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். சங்கிலி மாட்டிய கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து, யார் என்று கேட்டாள். பல்செட் கட்டுகிறவர் தன் வலதுகையைத் தூக்கிக் காட்டினார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"படத்துல இருக்கிறது என் கைதாம்மா."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போனில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு மனைவிதான் கதவோடு பேசினாள். தானும் குழுவில் இருந்தவள் என்றும், தங்கையைச் சந்தேகப்பட்டு எழுதியவர்களில் தானும் ஒருத்தி என்றும், அதற்கு மன்னிப்புக் கேட்கவும்தான் வந்ததாகவும் சொன்னாள். சங்கிலி கழன்றது.

கூடம் முழுக்கப் பெட்டிகள். தங்கை இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. அக்காளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். ஒரு வாரத்துத் தூக்கமின்மை கண்ணில் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு உள்ளே போய், மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

அவர் மூடியைத் திறந்தார். தண்ணீருக்குள் அவர் கட்டிய செட், மேலும் கீழும். மேல் வரிசையில் அந்த ஏறின பல்.

"இது எங்க இருந்துச்சும்மா?" என்றார்.

"கட்டில் பக்கத்துல. அன்னைக்கு நான் வந்து பார்த்தப்ப இதே கிண்ணத்துல, இதே மாதிரி மூடி இருந்துச்சு."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். தூங்கும்போது போடக் கூடாது என்று அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கேட்டிருக்கிறாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அக்காவுக்குப் பல் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எட்டு மாசமா நேர்ல வராதே, உடம்பு சரியில்லை, போன்ல பேசுன்னா. வாய் உள்ள போயிருந்ததுகூட நோவாலன்னுதான் நினைச்சேன். இதைப் பார்த்ததும் யாரோ வயசான ஆளு இங்க தங்கியிருந்திருக்கான்னு நினைச்சேன். அதனாலதான் எல்லாத்தையும் சீக்கிரமா முடிச்சேன். அக்கா பேரு கெட்டுடக் கூடாதுன்னு. அதைத்தான் அவங்க அவசரம் அவசரம்ங்கிறாங்க." கிண்ணத்தைத் திரும்ப மூடினாள். "என்கிட்டகூடச் சொல்லலை பாருங்க."

மனைவி போய் அவள் தோளில் கை வைத்தாள். தங்கை அதைத் தட்டிவிடவில்லை.

மறுநாள் மூவரும் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனார்கள். சிகிச்சைக்காக வந்தவர் இவர், என் அக்காதான் வேறு காரணம் எழுதச் சொன்னாள் என்று தங்கை சொன்னாள். என்ன சிகிச்சை என்று செயலாளர் கேட்டார். அது எங்கள் குடும்ப விஷயம் என்றாள். அவர் நம்பாமல் டாக்டரின் கடிதம் கேட்டார். பல் டாக்டர் முதலில் முடியாது என்றார். கடிதம் இல்லாவிட்டால் முழுக் கதையையும் நானே எழுதிப் போடுவேன் என்று மனைவி சொன்னபிறகு, 'என் நோயாளியின் சிகிச்சை தொடர்பாக' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதோடு அவர் இவருக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார். வாட்ச்மேனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் முன்வாசலில் இல்லை, பின்வாசலில். பல்செட் கட்டுகிறவர் போய் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க கையெழுத்துப் போட்டீங்க, நான் உள்ள விட்டேன். அதுல என்ன சார் இருக்கு" என்றார். பிறகு அவரிடமே நோட்டை நீட்டி, இப்போது வந்த காரணத்தையும் எழுதச் சொன்னார்.

தங்கை அக்காவின் பக்கத்தில் இரண்டே வரி எழுதினாள். கையின் சொந்தக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர், அக்காவுக்கு உதவி செய்தவர், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழு அதை நம்பவில்லை. ஏன் காப்பாற்றுகிறாள், இருவருக்கும் என்ன தொடர்பு என்று நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள், எப்போதோ இரண்டு பாட்டுப் பாடிய ஒரு பாடகர் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். 'கேள்வி' அங்கே போய்விட்டான். கூடவே பத்தாயிரம் பேரும் போனார்கள். மிச்சமிருந்த பழைய ஆட்களில் ஒருவர் மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தகவல் அனுப்பினார். அவள் பதில் போடவில்லை.

செட்டைத் தங்கையே வைத்துக்கொண்டாள்.

பல்செட் கட்டுகிறவர் இப்போது வேறு இரண்டு டாக்டர்களுக்கு வேலை செய்கிறார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று தானாகவே சொல்லிவிடுகிறார். மனைவி எதையும் கேட்பதில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. சரி என்று தலையை ஆட்டுகிறாள். ஆனால் அவர் திரும்பி வந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது, அவர் கழற்றிய சட்டையைக் கொடியில் மாட்டுகிற சாக்கில் ஒரு நிமிடம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தோள்பட்டையில் லேபின் வெள்ளை பிளாஸ்டர் மாவு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.